கருப்பு ஷூ, அளவு 21

மெக்சிகோவில் ஜனவரி 6 வந்தால், குழந்தை இயேசுவைத் தேடிப் போன மூன்று ராஜாக்கள் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா இங்கேயும் உண்டு, ஆனால் அவர் பிற்பாடு வந்தவர். பழைய பாத்தியதை ராஜாக்களுக்குத்தான். வீட்டுக் குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதைக் கடிதமாக எழுதி பலூனில் கட்டிப் பறக்க விடுவார்கள். கம்பெனிகளில் வேறு முறை. ஏதாவது ஒரு குழந்தைகள் மையத்திலிருந்து கடிதங்களை வாங்கி வந்து வரவேற்பறை மரத்தில் தொங்க விடுவார்கள். ஊழியர்கள் ஆளுக்கு ஒன்று பறித்துப் போய், அதில் கேட்டிருப்பதை வாங்கிவர வேண்டும்.

என் கணவர் இரண்டு பறித்து வந்தார். முதல் கடிதத்தில் கர்ஜிக்கும் டைனோசர். பேட்டரியும் சேர்த்து வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தான் பையன், விவரமானவன். இரண்டாவது கடிதத்தில் ஒரே ஒரு வரி: கருப்பு ஸ்கூல் ஷூ, 21. அதன் கீழே, வேறு பேனாவில், தம்பிக்கு 18. இங்கே செருப்புக்கும் ஷூவுக்கும் அளவு சென்டிமீட்டரில்தான். 21 என்றால் எட்டு ஒன்பது வயதுக் கால். ராஜாக்களிடம் ஸ்கூல் ஷூ கேட்கும் பிள்ளை யார் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பரிசு கொடுக்க ஆட்களைக் கூட்டிப்போன பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் இருப்பது புவெப்லாவில். ஃபோக்ஸ்வாகன் 1967லிருந்து கார் தயாரிக்கிற ஊர். அதை ஒட்டி வளர்ந்த உதிரிபாகக் கம்பெனி ஒன்றில்தான் என் கணவருக்கு வேலை. என் விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கல்யாணத்துக்கு முன் ஒரு ஆடிட்டரிடம் சில வருஷம் குப்பை கொட்டியவள் நான். பேலன்ஸ் ஷீட்டைத் தவிர எதையும் உருப்படியாகப் படித்ததில்லை என்று அம்மா சொல்வாள். இந்தத் தகுதியோடுதான் அந்தப் பஸ்ஸில் போனேன்.

ஊரின் வடக்கே காய்கறி மொத்தச் சந்தை இருக்கிறது. அதற்குப் பக்கத்துத் தெருவில் இரண்டு மாடி வீடு, நீல இரும்புக் கதவு. இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. குழந்தைகள் இருக்கும் இடம் என்பதால் இணையத்தில் எங்கேயும் முகவரி போட வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். உள்ளே போனதும் கம்பெனி டி-ஷர்ட் போட்ட பெரியவர்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து பரிசை வாங்கி, கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். நல்ல பழக்கம் இருந்தது அந்தச் சிரிப்பில். டைனோசர் பையன் அங்கேயே பெட்டியைக் கிழித்து பேட்டரி இருக்கிறதா என்று பார்த்தான். ஷூ கேட்டவள் பெட்டியைத் திறக்கவில்லை. மூடியின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணை மட்டும் படித்துவிட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கம்பெனியின் மனிதவளத் துறைப் பெண் அவளைப் படம் எடுக்க வந்தபோது மையத்தின் பொறுப்பாளர் அம்மா குறுக்கே வந்து, சிரித்துக்கொண்டேதான், பின்னாலிருந்து எடுங்கள் என்றார். அதனால் கம்பெனி செய்தி மடலில் வந்தது ஒரு சடையும் ஒரு ஷூ பெட்டியும்.

கூட்டம் கலைந்து பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், அரைகுறை ஸ்பானிஷில் பொறுப்பாளரிடம் கேட்டேன்: இங்கே என்ன குறைகிறது? பொம்மை, உடுப்பு, புத்தகம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "சமையல் கேஸ். அப்புறம் கணக்கு எழுத ஓர் ஆள்."

கேஸ் என் கையில் இல்லை. கணக்கு இருந்தது.

அது அநாதை இல்லம் இல்லை. அங்கே வருகிற பிள்ளைகளுக்கு அம்மா உண்டு, பலருக்கு அப்பாவும் உண்டு, ராத்திரி வீட்டுக்குத்தான் போகிறார்கள். பிரச்சினை பகலில். மெக்சிகோவின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பல ஷிஃப்ட் முறையில் நடப்பவை. காலை ஷிஃப்ட் எட்டு மணிக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும். மதிய ஷிஃப்ட் அதற்குப் பிறகு தொடங்கி மாலை வரை. அம்மாவுக்கோ சந்தையில் பொழுது சாயும் வரை வேலை. நடுவில் இருக்கும் அந்த ஐந்தாறு மணி நேரம் பிள்ளை எங்கே போகும்? கடைப் பலகைக்குக் கீழே, இல்லையென்றால் சிக்னலில் சூயிங்கம் பெட்டியோடு.

இதற்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2007ல் முழுநேரப் பள்ளித் திட்டம் வந்தது. கூடுதல் நேர வகுப்பு, பல இடங்களில் மதியச் சாப்பாடு. 25,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவிய பிறகு 2022ல் அதை நிறுத்திவிட்டார்கள். அதே 2007ல் வேலைக்குப் போகும் தாய்மாருக்காக அரசு மானியத்தோடு தொடங்கிய குழந்தைக் காப்பகங்கள், 9,000க்கும் மேல் இருந்தவை, அந்த மானியமும் 2019ல் நின்றது. முறைகேடு இருந்தது என்று அரசு சொன்னது, பணத்தை நேரடியாகப் பெற்றோர் கையிலேயே கொடுக்கிறோம் என்றது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. நீலக் கதவு வீட்டின் பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டினால் 2022 ஆகஸ்டுக்குப் பிறகு பக்கங்கள் தடிக்கின்றன, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஷூ கேட்டவளின் அம்மா சந்தையில் நோப்பால் விற்கிறார். சப்பாத்திக்கள்ளி மடல்தான், இங்கே அது காய்கறி. ஒரு முறை அவரிடம் கையெழுத்து வாங்கப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கையில் மடலின் அடியைப் பிடித்து, வலது கையில் நீளக் கத்தியால் முதலில் ஓரத்தைச் சுற்றி ஒரே இழுப்பு. பிறகு கத்தியைச் சாய்த்து முள் முள்ளாகச் சீவி எறிகிறார். மடலின் பச்சைத் தோல் அப்படியே இருக்கிறது, முள் மட்டும் போகிறது. என்னோடு பேசிக்கொண்டே, வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் செய்தார். விரல் நுனிகளில் கருப்புப் புள்ளிகள், உள்ளே போய்த் தங்கிவிட்ட முட்கள். சுத்தம் செய்த மடலுக்குத்தான் விலை, முள்ளோடு விற்றால் பாதிகூடக் கிடைக்காது. அதனால் மகள் பள்ளி விட்டு வந்ததும் இன்னொரு கத்தியை எடுப்பாள் என்பதுதான் வீட்டின் கணக்காக இருந்தது. மெக்சிகோவில் வேலைக்குப் போகக் குறைந்தபட்ச வயது 15. 2014ல்தான் அரசியல் சாசனத்தைத் திருத்தி 14லிருந்து உயர்த்தினார்கள். ஆனால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முள் சீவுவதை எந்த ஆய்வாளரும் வேலை என்று எழுதமாட்டார். பிள்ளையை மதியம் எங்களிடம் அனுப்புங்கள், சாப்பாடு போட்டு வீட்டுப்பாடமும் முடித்து ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுகிறோம் என்று பேசிப் பேசி அந்த அம்மாவைச் சம்மதிக்க வைத்தது மையத்தின் சமூகப் பணியாளர். அந்தப் பேச்சுக்கு எத்தனை மாதம் பிடித்தது என்பது எந்த நன்கொடை அறிக்கையிலும் வராது.

இனி கணக்குக்கு வருகிறேன், என் பேட்டை அது.

மெக்சிகோவில் நன்கொடைக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால், வாங்கும் அமைப்பு வரித்துறையின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வரித்துறையை இங்கே எல்லோரும் சாட் என்பார்கள். அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை அரசிதழில் வெளியிடுகிறார்கள், யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். பட்டியலில் இருப்பவர்கள் வருஷா வருஷம் எவ்வளவு வந்தது, எங்கே போனது என்று சாட்டின் தளத்தில் பொதுவில் வைக்க வேண்டும். கொடுப்பவர் தனிநபர் என்றால் முந்தைய ஆண்டு வருமானத்தில் 7 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். இதுவரை நல்ல ஏற்பாடு. இன்னொரு விதியும் இருக்கிறது: வந்த நன்கொடையில் 5 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் போகக் கூடாது.

படிக்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சமையல்காரர், ஆசிரியர், உளவியலாளர் சம்பளமெல்லாம் நேரடிச் சேவை, அது இந்த 5க்குள் வராது. ஆனால் ஆபீஸ் அறையின் வாடகைப் பங்கு, ஆபீஸ் போன், கணக்கர், இவையெல்லாம் உள்ளே. பெரிய அமைப்புக்கு 5 சதவீதம் என்பது ஓர் ஆபீஸ். அறுபது பிள்ளைகளுக்குச் சோறு போடும் வீட்டுக்கு அது அரைக் கணக்கர். அந்த அரைக் கணக்கர் செய்ய வேண்டியதோ முழு வேலை, ஏனென்றால் ஒவ்வொரு செலவுக்கும் ஃபக்தூரா வேண்டும். இது சாதாரண ரசீது இல்லை. சாட்டின் கணினியில் பதிவாகும் மின்னணு பில். 2,000 பெசோவுக்கு மேல் போனால் ரொக்கமும் கூடாது, வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கினால் ஃபக்தூரா உடனே வந்துவிடும், ஆனால் தக்காளி விலை கூட. பக்கத்துச் சந்தையில் வாங்கினால் விலை குறைவு, ஆனால் தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் ஃபக்தூரா கேட்க முடியுமா? கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். மலிவாக வாங்கினால் கணக்கில் ஓட்டை. நான் உள்ளே போனபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய கசங்கிய துண்டுச் சீட்டுகள் இருந்தன. முதல் சில வாரங்கள் அதை இஸ்திரி போடாத குறையாக நீவி நீவி அடுக்கியதுதான் நான் செய்த சேவை. குழந்தைகளை அநேகமாகப் பார்க்கவே இல்லை. சமையலறைக்குப் பக்கத்து மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். இங்கே ஆட்களைத் தொழில் பெயரால் கூப்பிடுவது மரியாதை என்பதால் நான் "கொந்தாதோரா" ஆகிவிட்டேன். கணக்கரம்மா.

அந்த மூலையிலிருந்து சமையலறை முழுசாகத் தெரியும். காலையில் அங்கே நடக்கும் முதல் காரியம் பீன்ஸ் பொறுக்குவது. சமையல்கார அக்கா மேசையில் கருப்பு பீன்ஸைக் கொட்டி, உள்ளங்கையால் பரப்பி, நல்லதை விளிம்பை நோக்கி இழுத்து இழுத்து மடியில் வைத்திருக்கும் பாத்திரத்தில் விழ விடுவார். கல்லும் சுருங்கினதும் மேசை நடுவில் மிஞ்சும். பிறகு பெரிய பானையில் வெங்காயம், ஒரு கொத்து எபசோட்டே இலை, இரண்டு மூன்று மணி நேரம் கொதி. இங்கேதான் கேஸ் எங்கே போகிறது என்று புரிந்தது. புவெப்லா 2,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் பீன்ஸ் சீக்கிரம் வேகாது. மலிவான சத்தான சாப்பாடு வேண்டும் என்பார்கள் நன்கொடையாளர்கள். அது வேகிற நேரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. பொறுப்பாளர் அம்மா கேஸ் என்று சொன்னதில் இத்தனை இருந்தது.

கிடைக்கும் பொருளுக்கும் தேவைப்படும் பொருளுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மை வருஷம் முழுக்கத் தொடரும். டிசம்பர் 16லிருந்து 24 வரை கிறிஸ்துமஸுக்கு முந்தைய போசாதா விழா, ஒவ்வொரு குழுவும் ஒரு பின்யாத்தாவோடு (அடித்து உடைக்கும் மிட்டாய்ப் பொம்மை) வரும். ஜனவரியில் ராஜாக்கள். ஏப்ரல் 30 இந்த நாட்டின் குழந்தைகள் தினம், அன்று வரும் மிட்டாயை வைத்துக் கடையே போடலாம். 2017 செப்டம்பர் 19 நிலநடுக்கத்துக்குப் பிறகு டின் டூனா மீன் அவ்வளவு வந்ததாம், பிள்ளைகள் மாதக்கணக்கில் டூனா சாப்பிட்டதாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் ஆகஸ்டில் ஒருவரும் வருவதில்லை. பள்ளி திறக்கும் மாதம் அது. பாடப் புத்தகம் மட்டும் இலவசம். 1959ல் அதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்து, நாடு முழுக்க ஒவ்வொரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும் அரசே அச்சடித்துக் கொடுக்கிறது. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயங்களில் ஒன்று அது. நோட்டு, கலர் பென்சில், சீருடை, ஷூ, பெற்றோர் சங்கத்துக்கு "விருப்பப்பட்டால்" கட்ட வேண்டிய பணம், இதெல்லாம் வீட்டின் தலையில். 2025ல் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 278 பெசோ 80 சென்டாவோ. ஒரு ஜோடி கருப்பு ஷூ அதைவிட அதிகம். மூன்று பிள்ளைகள் இருந்தால் ஆகஸ்டில் மூன்று ஜோடி. ராஜாக்களுக்கு ஏன் ஷூ கேட்டு எழுதினாள் என்பது இப்போது தெரிந்திருக்கும். ஆகஸ்டில் வாங்கியது ஜனவரிக்குள் கிழிந்துவிட்டது, வளர்ந்த கால் வேறு.

வருகைக்கு இவர்கள் வைத்திருக்கும் விதிகள் கறாரானவை, எனக்கு அவை பிடித்திருக்கின்றன. பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்ய வேண்டுமென்றால் குற்றப் பின்னணி இல்லை என்ற அரசுச் சான்றிதழ் வேண்டும், குறைந்தது ஒரு பள்ளி ஆண்டு தொடர்ந்து வருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வருகிறவர்களுக்கு சமையலறை, ஸ்டோர் ரூம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. முகம் தெரியப் படம் கூடாது. வெளிநாட்டிலிருந்து ஒரு வாரம் தங்கி "குழந்தைகளோடு பழக" வருகிறோம் என்று மின்னஞ்சல் வரும். பொறுப்பாளர் அம்மா பணிவாகப் பதில் எழுதுவார்: எங்கள் பிள்ளைகளுக்கு வந்து போகிற ஆட்கள் ஏற்கெனவே நிறைய இருக்கிறார்கள், செவ்வாய்க்கிழமையும் அதே டீச்சர் இருக்க வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு உதவுங்கள். பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். ஒருவர் மட்டும் பிளேன் டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பினார். அவரை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்தக் கறார் தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சமோராவைச் சொல்வேன். மிச்சோவாக்கான் மாநிலத்தில் இருக்கும் ஊர். "மாமா ரோசா" என்று நாடே அழைத்த ரோசா வெர்துஸ்கோ 1947லிருந்து அங்கே கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். அவர் நடத்திய இல்லத்தில் இசைக்குழுகூட இருந்தது, அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் போய்ப் பார்த்துப் பாராட்டினார்கள். 2014 ஜூலையில் கூட்டாட்சிப் போலீசும் ராணுவமும் உள்ளே நுழைந்தபோது ஏறக்குறைய அறுநூறு பேர் மிக மோசமான நிலையில் இருந்தார்கள், அதில் நானூறுக்கும் மேல் பிள்ளைகள். குப்பை, எலி, அடி, அதைவிடக் கொடிய குற்றச்சாட்டுகள். பெற்றோர் வந்து கேட்டும் பிள்ளையை விடவில்லை என்ற புகார்தான் விசாரணையைத் தொடங்கி வைத்தது. முன்னாள் அதிபர் விசென்டே ஃபாக்ஸ் உட்படப் பலர் அந்த அம்மாவுக்காகப் பரிந்து பேசினார்கள். வயதையும் உடல்நிலையையும் கருதி அவரை விட்டுவிட்டார்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அத்தனை பெரிய மனிதர்கள் போய்ப் பார்த்தார்களே, பாட்டு கேட்டார்களே, அவர்கள் எந்த அறைக்குள் போனார்கள்? அந்த டிசம்பரில் குழந்தைகள், பதின்பருவத்தினர் உரிமைகளுக்கான பொதுச் சட்டம் வந்தது. இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும், மேற்பார்வை வேண்டும், பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்திருப்பதுதான் முதல் முயற்சியாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் பாதுகாப்பு விஷயம் இங்கே டிஃப் என்ற அரசு அமைப்பின் கையில். 1977லிருந்து இருக்கிறது, நாடு, மாநிலம், நகராட்சி என்று மூன்று அடுக்காக.

அதற்காக எல்லா இல்லங்களையும் சந்தேகிக்கச் சொல்லவில்லை. மொரேலோஸ் மாநிலத்தில் கரும்பு வயல்களுக்கு நடுவே மியாகட்லான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழைய ஹசியெண்டா (பண்ணை மாளிகை) ஒன்றில் நுவெஸ்த்ரோஸ் பெக்கேஞோஸ் எர்மானோஸ் அமைப்பின் இல்லம் உண்டு. 1954ல் குவெர்நவாக்காவில் ஒரு பையன் கோயில் உண்டியலில் திருடி மாட்டிக்கொண்டான். பாதிரியார் வில்லியம் வாசன் புகார் கொடுப்பதற்குப் பதிலாக, அவனை என்னிடம் விடுங்கள், நான் வளர்க்கிறேன் என்று கேட்டு வாங்கினார். அடுத்தடுத்து மற்ற பையன்களையும் அவரிடமே அனுப்பத் தொடங்கினார்கள். அங்கிருந்து ஹோண்டுராஸ், ஹைட்டி, குவாத்தமாலா என்று லத்தீன் அமெரிக்காவில் பல நாடுகளுக்குப் போயிருக்கிறது அந்த அமைப்பு. மெக்சிகோ சிட்டியில் காசா தெ லா அமிஸ்தாத் 1990லிருந்து புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு மருந்துக்கும் தங்கலுக்கும் உதவுகிறது. சிகிச்சை தலைநகரில், வீடு வஹாக்காவிலோ சியாப்பாஸிலோ என்றால் கூட வந்த அம்மா எங்கே தூங்குவாள் என்பது மருந்தைப் போலவே பெரிய கேள்வி. புவெப்லாவின் தெருமுனைகளில் இதய வடிவத்தில் பெரிய இரும்புக் கூண்டுகளைப் பார்க்கலாம், உள்ளே வண்ண வண்ண பாட்டில் மூடிகள். மறுசுழற்சிக்கு விற்று வரும் பணம் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு. என் மகன் மூடி போடுவதற்காகவே சோடா கேட்பான், அதை நான் தர்மம் என்று ஒத்துக்கொள்வதில்லை.

நீலக் கதவு வீட்டில் நான் பார்த்த செலவுகளிலேயே பெரிய பலன் தந்தது எது என்று கேட்டால், ஒரு பஸ் டிக்கெட் என்பேன். சந்தைக்கு வரும் குடும்பங்களில் பலர் வடக்கு மலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள், நாவட்ல் என்ற பழங்குடி மொழி பேசுபவர்கள். ஒரு பையனுக்கு ஏழு வயது, பிறப்புச் சான்றிதழ் இல்லை. வீட்டில் பிறந்தவன், பதிவு செய்யவே இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் குர்ப் எண் இல்லை, இங்கே ஒவ்வொருவருக்கும் அரசு கொடுக்கும் அடையாள எண் அது. குர்ப் இல்லையென்றால் மெக்சிகோவில் நீங்கள் எந்தப் படிவத்திலும் முதல் கட்டத்தைத் தாண்ட முடியாது. பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது விதி. ஆனால் உதவித்தொகை, மருத்துவம் எல்லாம் அங்கேயே நிற்கும். முதல் பதிவும் முதல் நகலும் இலவசம் என்று 2014லிருந்து அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. இலவசம்தான், ஆனால் வாங்க ஊருக்குப் போக வேண்டும். மருத்துவச்சியும் சாட்சிகளும் அங்கேதான். ஒரு நாள் வியாபாரம் போகும், பஸ் காசு போகும், ஆபீஸில் கேட்கும் ஸ்பானிஷ் கேள்விக்கு நாவட்லில் யோசிக்கும் அம்மா பதில் சொல்லியாக வேண்டும். சமூகப் பணியாளர் அந்த அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலை கப்பூ பஸ் நிலையத்தில் ஏறி, மூன்றரை நான்கு மணி நேர மலைப்பாதையில் குவெட்சாலான் பக்கம் போனார். முதல் தடவை சாட்சியின் அடையாள அட்டை காலாவதி ஆகியிருந்ததால் வேலை நடக்கவில்லை. மறுபடி போனார். பையன் இப்போது காகிதத்திலும் இருக்கிறான். கணக்கில் அது "போக்குவரத்து" என்ற தலைப்பில் இரண்டு வரி. எந்தக் கம்பெனியின் செய்தி மடலுக்கும் ஆகாத செலவு. மரத்தில் தொங்கும் கடிதத்தில் எந்தப் பிள்ளையும் சமூகப் பணியாளர் வேண்டும் என்று எழுதுவதில்லை.

ஆகவே, மெக்சிகோவுக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்கள், குவாதலஹாராவிலும் கெரேத்தரோவிலும் மொந்தெர்ரேயிலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள், ஏதாவது செய்யலாமா என்று எழுதிக் கேட்கும்போது நான் சொல்வது இதுதான். முதலில் சாட்டின் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லாததால் மோசம் என்று அர்த்தமில்லை, சின்ன இடங்களால் அந்தக் காகித வேலையைச் சமாளிக்க முடிவதில்லை, ஆனால் இருந்தால் கணக்கைத் திறந்து பார்க்கலாம். போய்ப் பாருங்கள், தாராளமாக. போனால் பிள்ளைகளைவிட வேலை செய்பவர்களோடு அதிக நேரம் பேசுங்கள். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். எல்லோரும் ஆறு மாதம் என்று சொன்னால் ஏதோ சரியில்லை, பெரும்பாலும் சம்பளம் சரியில்லை. தங்கும் இல்லம் என்றால் போன வருஷம் எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள் என்று கேளுங்கள், டிஃப் கடைசியாக எப்போது வந்தது என்றும் கேளுங்கள். உள்ளே விடாத அறை எது என்று பாருங்கள். கேட்காமலேயே பிள்ளையை மடியில் உட்கார வைத்துப் படம் எடுக்கச் சொல்லும் இடத்துக்கு ஒரு பெசோகூடக் கொடுக்கமாட்டேன் நான், என்னைக் கல்நெஞ்சக்காரி என்றாலும் சரி.

பிறகு மாதா மாதம் கொடுங்கள், சின்னத் தொகையாக இருந்தாலும். இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். பொறுப்பாளர் அம்மாவுக்கு ஜூனிலேயே தெரிய வேண்டும், செப்டம்பரில் உளவியலாளருக்குச் சம்பளம் இருக்கிறதா என்று. டிசம்பரில் மொத்தமாக வரும் பெரிய காசோலையால் அது தெரியாது. கடையில் பில் போடும்போது சில்லறையைத் தர்மத்துக்கு முழுதாக்கட்டுமா என்று கேட்பார்கள், அதற்கும் சரி சொல்லுங்கள், ஆனால் அதோடு கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கம்பெனியில் நன்கொடைக் குழுவில் இருப்பவர்கள் ராஜாக்கள் மரத்தை ஆகஸ்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என் கணவர் கேட்டார். ஆகஸ்டில் மரம் எங்கே வைப்பது என்று திருப்பிக் கேட்டார்களாம். கடைசியில் மரம் இல்லாமலேயே ஒரு அட்டைப் பெட்டி வைக்க ஒப்புக்கொண்டார்கள். கடிதம் கிடையாது, பள்ளி கொடுத்த பட்டியலின் நகலும் கால் அளவும் மட்டும்.

இந்த மாதக் கணக்கை நான் இன்னும் மூடவில்லை. எதிர்முனை டோர்ட்டியா கடைக்காரர், தினமும் ஏழு கிலோ அங்கேதான் வாங்குகிறோம், ஃபக்தூரா போட மருமகனிடம் கற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த திங்கள் தருகிறேன் என்றிருக்கிறார். எந்தத் திங்கள் என்று நான் கேட்கவில்லை.